ஒரு கட்டிடம், மூன்று வரிகள்

சிங்கப்பெருமாள் கோவில் என்றவுடன் முன்னாளில் குன்றைக் குடைந்து அமைத்த நரசிம்மர் சந்நிதியே மக்கள் நினைவிற்கு வரும். இன்றோ, அருகே 2002 ஆம் ஆண்டில் தோன்றிய மகிந்திரா தொழில் நகரமும், ஒரகடம் செல்லும் வழியெங்கும் எழுந்துள்ள ஆலைகளும் இவ்வூரின் நடையையே மாற்றிவிட்டன. வெளியூர்த் தொழிலாளர் தங்குவதற்கு வீட்டின்மேல் வீடு கட்டி, போர்ஷன் போர்ஷனாக வாடகைக்கு விடுகின்றனர். கீழ்த்தளத்தில் ஒரு மெஸ் நடக்கிறது. நேற்றுவரை நிலத்தை உழுதவர் இன்று வீட்டுக்காரர், வணிகர், முதலாளி ஆகிய மூவருமாக இருக்கிறார். ஆனால் மூன்று நிலைகளுக்கும் உரிய வரிகள் வெவ்வேறு என்பது பலருக்குத் தெரியவில்லை.

"பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை என்று செய்தித்தாளில் வந்துவிட்டதே ஐயா, ஊராட்சியில் மட்டும் ஏன் கேட்கிறார்கள்?" என்று பெரியவர் ஒருவர் என்னிடம் வினவினார். அவர் மீது குறையில்லை. செய்தி வருமான வரியைப் பற்றியது என்று அவருக்கு எவரும் விளக்கவில்லை.

அவருடையது போன்ற கட்டிடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே நான்கு போர்ஷன்கள். ஒவ்வொன்றுக்கும் மாத வாடகை 6,000 ரூபாய். கீழே மெஸ், நாள்தோறும் விற்பனை 5,000 ரூபாய், ஊழியர் மூவர்.

முதலில் வீட்டு வரி. 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி இதனை ஊராட்சி விதிக்கிறது. உரிமையாளரின் வருமானம் எவ்வளவு என்பது இங்குக் கேள்வியே அன்று, கட்டிடமே கணக்கு. மாடி எழுப்பியபின் பழைய ஓட்டு வீட்டுக்குரிய வரியையே கட்டிக்கொண்டிருப்பது முறையன்று. புதிய தளத்தைத் தெரிவித்து வரியைத் திருத்திக்கொள்ள வேண்டும். இதனுடன் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேரும். வரி ரசீதே சொத்துரிமைக்குச் சான்று எனச் சிலர் எண்ணுகின்றனர், அது தவறு. ஆயினும் அந்த ரசீதுக்கு வேறொரு பயன் உண்டு.

வாடகைக்கு வருமான வரி கணக்கிடும்போது, உரிமையாளர் அவ்வாண்டில் உண்மையாகவே செலுத்திய வீட்டு வரியை முதலில் கழிக்கலாம். மிச்சத்தில் 30 விழுக்காட்டைப் பழுதுபார்ப்பு முதலியவற்றிற்காகக் கழிக்கலாம். இதற்குச் செலவுக் கணக்குக் காட்ட வேண்டுவதில்லை. நம் கட்டிடத்தில் ஆண்டு வாடகை 2,88,000 ரூபாய். மாடிக்குரிய வீட்டு வரி 3,000 ரூபாய் எனக் கொண்டால் மீதி 2,85,000. அதில் 30 விழுக்காடு 85,500. ஆக, கணக்கில் சேரும் வருமானம் 1,99,500 ரூபாய் மட்டுமே. வரியைக் குடியிருப்பவர் கட்டினால் உரிமையாளர் அதனைக் கழிக்க இயலாது.

இதனுடன் மெஸ்ஸின் இலாபத்தையும் கூட்ட வேண்டும். புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்சம் ரூபாய் வரையுள்ள இத்தகைய வருமானத்திற்கு, தள்ளுபடியின் காரணமாக, வரி செலுத்த நேராது. ஆனால் மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் கணக்கு விவரத்தைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். வரி இல்லை என்பது வேறு, கணக்கு வேண்டாம் என்பது வேறு.

இனி, பலரும் இடறும் இடத்திற்கு வருவோம். ஜி.எஸ்.டி. சாலையிலேயே குடியிருப்பவனுக்கு ஜி.எஸ்.டி. தெரியாதா என்று நம் பக்கத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சாலையின் பெயர் வெள்ளையர் காலத்தது. சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை முதல் நாள் வந்தது. இதற்கு இலாபம் அளவுகோல் அன்று. மொத்த விற்பனையே அளவுகோல். சரக்கு மட்டும் விற்கும் மளிகைக் கடைக்கு நம் மாநிலத்தில் ஆண்டு வரம்பு 40 லட்சம். மெஸ் சேவையாகக் கருதப்படுவதால் அதற்கு 20 லட்சமே. நாளுக்கு 5,000 என்றால் ஆண்டுக்கு 18,25,000. தப்பினோம் என்று தோன்றும். குடியிருப்பு வாடகைக்கு இவ்வரி இல்லை என்பது மெய்யே. ஆயினும் வரம்பைக் கணக்கிடுகையில், ஒரே நபர் பெறும் அவ்வாடகையும் மொத்தத்தில் சேரும். 18,25,000 உடன் 2,88,000 சேர்ந்தால் 21,13,000 ரூபாய்! வரம்பு கடந்துவிட்டது. கடந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும்; தவறினால் வரியோடு வட்டியும் தண்டமும் வரும். நம் மெஸ் போன்ற விடுதிக்கு வரி 5 விழுக்காடு. வாங்கும் பொருள்களுக்குக் கொடுத்த வரியை அதில் ஈடு செய்ய முடியாது. பதிவு பெறாதவர் வாடிக்கையாளரிடம் வரி என்று ஒரு காசும் வாங்கலாகாது.

எஞ்சியது தொழில் வரி. இதுவும் ஊராட்சிக்கே உரியது. ஏப்ரல் முதலும் அக்டோபர் முதலும் தொடங்கும் இரு அரையாண்டுகளுக்குச் செலுத்துவது. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை விலக்கு உண்டு. அதாவது மாதம் 3,500. இந்நாளில் இதற்குக் குறைந்த சம்பளம் எங்கே? எவ்வளவு ஈட்டினாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் விதிக்க அரசியலமைப்புச் சட்டம் இடந்தரவில்லை. முதலாளி தம் தொழிலுக்குத் தாம் செலுத்துவதோடு, ஊழியர் சம்பளத்தில் பிடித்தும் கட்ட வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமலிருப்பது, ஏழைச் சமையற்காரரின் கூலியை வைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும்.

ஊராட்சி வரிகளை 2023 முதல் இணையவழியிலேயே செலுத்தலாம். ரசீது வீட்டு உரிமையாளர் பெயரில் உள்ளதா, மாடியின் பரப்பும் அதில் உள்ளதா என்று பார்த்துப் பத்திரப்படுத்துக. மெஸ்ஸின் அன்றாட விற்பனையை ரொக்கம் வேறு, கைப்பேசி வழி வந்தது வேறு என இரு பத்திகளில் எழுதி, மாதக் கடைசியில் வாடகையையும் அடியில் கூட்டி வந்தால், 20 லட்சத்தை எந்த மாதத்தில் நெருங்குகிறோம் என்பது முன்கூட்டியே தெரியும்.