டீஃபால்ட் தீர்மானிப்பது ஒருமுறை, எழுதுவது பலமுறை

தம்பி, உன் டீமில் முதல் லினக்ஸ் நெட்வொர்க் டிரைவரை உன்னிடமே ஒப்படைத்திருக்கிறார்கள் என்று கேட்டதில் அக்காவுக்கு ரொம்ப சந்தோஷம். பாக்கெட்டை அனுப்புவது, வாங்குவது எல்லாம் ஆபீசில் சொல்லித் தருவார்கள். கார்டு எழுந்திருக்கும்போது அதற்கு என்னென்ன டீஃபால்ட் கொடுக்க வேண்டும், எந்த இடத்தில் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. டீஃபால்ட் மதிப்பைத் தீர்மானிப்பது ஒரு வேலை. அதைச் சிப்பின் ரெஜிஸ்டரில் எழுதுவது வேறு வேலை. தீர்மானிக்க வேண்டியது ப்ரோப் ஃபங்ஷனில், ஒரே ஒரு தடவை. எழுத வேண்டியது சிப் ரீசெட் ஆகிற ஒவ்வொரு தடவையும். இரண்டையும் ஒரே ஃபங்ஷனில் போட்டு, அதை ஓப்பனிலிருந்தும் கூப்பிட்டால் என்ன ஆகும் பார். இன்டெலின் இ1000 டிரைவரில் ரிங் அளவு டீஃபால்ட்டாக 256 டிஸ்க்ரிப்டர். 82544-லிருந்து வந்த சிப்களில் 4096 வரை கூட்டலாம். அதுபோன்ற ஒரு கார்டில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர் ஈத்டூலில் 4096 என்று வைக்கிறார். ராத்திரி யாரோ இன்டர்ஃபேஸை டவுன் செய்து அப் செய்கிறார்கள். உன் ஓப்பன் ஃபங்ஷன் மறுபடியும் 256 போட்டுவிடுகிறது. எரர் வராது, லாக்கில் ஒரு வரி இருக்காது. காலையில் பாக்கெட் டிராப் ஏன் கூடியது என்று ஊரே தேடும்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். லேப்டாப் தூங்கி எழுகிறது. சிப்புக்கு மின்சாரம் போய் வந்ததில் அதன் ரெஜிஸ்டர்கள் காலி. ரெஸ்யூமில் நீ ரிங்கை மட்டும் திரும்ப அமைத்துவிட்டு, இன்டரப்ட் கோலெசிங் மதிப்பை எழுத மறந்துவிட்டாய் என்று வை. ஈத்டூலில் கேட்டால் 50 மைக்ரோசெகண்ட் என்றே காட்டும், ஏனென்றால் அது உன் ஸ்ட்ரக்சரில் இருப்பதைப் படித்துச் சொல்கிறது. சிப்பில் இருப்பதோ பூஜ்யம். திரையில் காட்டுவதை நம்பினால் இந்தப் பிழை பிடிபடவே பிடிபடாது.

ஆகவே உன் பிரைவேட் ஸ்ட்ரக்சர்தான் மூலப்பிரதி. ப்ரோப்பில் டீஃபால்ட் அதற்குள் போகட்டும். ஈத்டூலில் பயனர் மாற்றினால் அதுவும் அதற்குள்ளேயே போகட்டும். ஸ்ட்ரக்சரில் இருப்பதை அப்படியே சிப்பில் எழுத ஒரு ஃபங்ஷன் வை. ஓப்பன், ரெஸ்யூம், டிஎக்ஸ் டைம்அவுட் ரீசெட் மூன்றும் அதையே கூப்பிடட்டும். அந்த ஃபங்ஷனுக்குள் ஒரு டீஃபால்ட் எண்கூட இருக்கக் கூடாது. ரிவ்யூவில் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

அடுத்து வரிசை. ரெஜிஸ்டர்_நெட்டெவ் என்பதை எல்லைக்கோடு என்று நினைத்துக்கொள். அதைக் கூப்பிட்ட கணத்திலிருந்து உன் கார்டு ஊருக்குத் தெரிந்துவிடும். நெட்வொர்க் மேனேஜர் மாதிரி ஏதாவது ஒன்று, அந்த ஃபங்ஷன் உன்னிடம் திரும்பி வருவதற்குள்ளேயே ஓப்பனைக் கூப்பிட்டுவிடலாம். மேக் அட்ரஸ், எம்டியு வரம்பு, ஃபீச்சர்கள், க்யூ எண்ணிக்கை, ஈத்டூல் ஆப்ஸ், நாப்பி எல்லாம் கோட்டுக்கு முன்னாலேயே தயாராக இருக்க வேண்டும். "ரெஜிஸ்டர் செய்துவிட்டுப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்" என்று எழுதிய கோடு உன் மேஜையில் நூறு தடவை ஓடும். வேகமான மெஷினில் ஒரு நாள் கவிழும்.

எல்லாவற்றையும் நீயே நிரப்பவும் வேண்டாம். அலாக்_ஈதர்டெவ் கூப்பிட்டாலே உள்ளே ஈதர்_செட்டப் ஓடி, எம்டியு 1500, குறைந்தபட்சம் 68, அதிகபட்சம் 1500, டிரான்ஸ்மிட் க்யூ நீளம் 1000 என்று வைத்துவிடும். இவற்றில் நீ கை வைக்க வேண்டியது பெரும்பாலும் அதிகபட்ச எம்டியு ஒன்றில்தான். கர்னல் 4.10-லிருந்து இந்த வரம்பை நெட்வொர்க் கோரே சரிபார்க்கிறது. உன் சிப் ஜம்போ ஃப்ரேம் எடுக்கும், ஆனால் நீ வரம்பை உயர்த்தவில்லை என்றால், 9000 கேட்கிறவருக்கு உன் டிரைவரை எட்டும் முன்பே மறுப்பு போய்விடும். கணக்கையும் கவனமாகப் போடு. சிப்பின் டேட்டாஷீட் சொல்வது ஃப்ரேம் நீளம்; எம்டியு அதுவல்ல. ஃப்ரேம் 9018 பைட் என்றால் ஈதர்நெட் ஹெடர் 14, கடைசியில் வரும் செக்சம் 4 கழித்து 9000. விலான் டேக்கையும் ஏற்க வேண்டுமென்றால் இன்னொரு 4 போய் 8996.

மேக் அட்ரஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையானவள். சிப்பின் என்விஎம்மிலோ டிவைஸ் ட்ரீயிலோ இருப்பதைப் படி, செல்லுமா என்று சோதி. செல்லாவிட்டால் ஈத்_ஹெச்டபிள்யூ_அட்ர்_ரேண்டம் கூப்பிட்டு, லாக்கில் ஒரு எச்சரிக்கை எழுது. சோர்ஸ் கோடிலேயே ஒரு நிரந்தர எண்ணை ஃபால்பேக்காக வைக்கவே வைக்காதே. ஒரே ஸ்விட்சில் அந்த மாதிரி இரண்டு போர்டு செருகினால், ஸ்விட்சின் டேபிளில் ஒரே மேக் இரண்டு போர்ட்டுக்கு நடுவே மாறி மாறி ஓடும். இரண்டு போர்டும் அரைகுறையாக வேலை செய்யும். ரேண்டமுக்கும் விலை உண்டு: ஒவ்வொரு பூட்டிலும் புது மேக், அதனால் டிஹெச்சிபி சர்வர் புது ஐபி கொடுக்கலாம். ஆனால் சிஸ்ஃபஸில் அட்ர்_அசைன்_டைப் ஃபைலைத் திறந்தால் 1 என்று இருக்கும். கார்டின் சொந்த முகவரி என்றால் 0. பிழை தேடுகிறவருக்கு அந்த ஓர் எண் போதும். இன்னொன்று, டெவ்_அட்ரில் நேராக மெம்காப்பி செய்யும் பழைய கோடைப் பார்த்து எழுதாதே. 5.17-லிருந்து அது கான்ஸ்ட். ஈத்_ஹெச்டபிள்யூ_அட்ர்_செட் வழியாகத்தான் எழுத வேண்டும்.

தொடக்க மதிப்பே கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வது என்பதற்கு அந்த இ1000 டிரைவரைப் படி. அதன் ஈப்ராமில் முதல் 64 வார்த்தைகளை, ஒவ்வொன்றும் 16 பிட், கூட்டினால் ஹெக்ஸில் 'பிஏபிஏ' வர வேண்டும், தசமத்தில் 47802. வராவிட்டால் அந்த டிரைவர் கார்டைக் கைவிடாது. ஈப்ராமில் இருப்பதை லாக்கில் கொட்டிவிட்டு, மேக்கை முழுப் பூஜ்யமாக்கி, இன்டர்ஃபேஸைப் பதிவு செய்யும். முகவரி செல்லாததால் டிராஃபிக் ஓடாது. ஆனால் ஈத்டூல் உள்ளே போக வழி இருக்கும், பயனர் ஈப்ராமைச் சரிசெய்துகொள்ளலாம். எழுதியவர்களுக்குப் பயனர் மேல் இருந்த அக்கறை அந்த சில வரிகளில் தெரிகிறது.

ஃபீச்சர்களில் சின்ன விஷயம்தான். ஃபீச்சர்ஸ் என்பது இப்போது எது ஆனில் இருக்கிறது என்பது. ஹெச்டபிள்யூ_ஃபீச்சர்ஸ் என்பது பயனர் எதை மாற்றலாம் என்பது. முதலாவதில் போட்டு இரண்டாவதில் விட்டுவிட்டால் ஈத்டூலில் 'ஃபிக்ஸ்டு' என்று காட்டும், யாராலும் ஆஃப் செய்ய முடியாது. செக்சம் ஆஃப்லோடில் பிழை இருக்குமோ என்று சந்தேகப்படுகிறவருக்குக் கதவை அடைத்த மாதிரி ஆகிவிடும்.

க்யூ எண்ணிக்கைக்கு ஆன்லைன் சிபியு எண்ணிக்கையை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு போடாதே. பெரிய சர்வரில் மெமரியும் இன்டரப்ட்டும் வீணாகும். இதற்கென்றே நெட்இஃப்_கெட்_நம்_டீஃபால்ட்_ஆர்எஸ்எஸ்_க்யூஸ் இருக்கிறது. முன்பு அது அதிகபட்சம் 8 என்று நிறுத்திக்கொள்ளும், 5.18-லிருந்து ஃபிசிகல் கோர்களைப் பார்த்து, இரண்டுக்கு மேல் இருந்தால் பாதி தருகிறது. க்யூ எண்ணிக்கை பிறகு மாறும்போது ஆர்எஸ்எஸ் டேபிளை டீஃபால்ட்டுக்குத் திருப்பும் முன், நெட்இஃப்_இஸ்_ஆர்எக்ஸ்எஃப்ஹெச்_கான்ஃபிகர்டு என்று கேட்டுப் பார். பயனர் தன் கையால் அமைத்த டேபிள் என்றால் அதை அழிக்க உனக்கு உரிமையில்லை.

டீஃபால்ட்டை மாற்ற மாட்யூல் பாராமீட்டர் சேர்க்கும் ஆசை வரும். சேர்த்து அனுப்பினால் நெட்டெவ் மெயின்டெய்னர்கள் திருப்பி அனுப்புவார்கள். ஒரே டிரைவரில் இரண்டு கார்டு இருந்தால் இரண்டுக்கும் ஒரே மதிப்புதான் போகும் என்பதை யோசித்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஈத்டூலில் வைக்க முடிகிறதை ஈத்டூலில் வை. தொடக்கத்தில் மட்டுமே எடுக்கக்கூடிய மதிப்பு என்றால் டெவ்லிங்க் பாராமில் டிரைவர்இனிட் வகை இருக்கிறது: பயனர் எழுதி வைப்பது உடனே அமலுக்கு வராது, டெவ்லிங்க் ரீலோட் செய்யும்போது உன் இனிட் கோடு அதைப் படித்துக்கொள்ளும். முதல் தடவைக்கான டீஃபால்ட்டை நீதான் எழுதித் தர வேண்டும், மறக்காதே. பழகுவதற்குக் கார்டு தேவையில்லை. கர்னலோடு வரும் நெட்டெவ்சிம் டிரைவரில் இந்த வகை பாராமீட்டர்கள் இருக்கின்றன. அதை மாற்றி, ரீலோட் செய்து, என்ன நடக்கிறது என்று பார்.

பேட்ச் அனுப்பும் முன் ஒரு மாலை ஒதுக்கி இதைச் செய். ரிங், கோலெசிங், ஆஃப்லோட் எல்லாவற்றையும் டீஃபால்ட் அல்லாத மதிப்புக்கு மாற்று. இன்டர்ஃபேஸை டவுன், அப் செய். மெஷினைத் தூங்க வைத்து எழுப்பு. ஒவ்வொரு தடவையும் ஈத்டூலில் மதிப்புகளைக் கேட்பதோடு, ரெஜிஸ்டர் டம்ப்பையும் எடுத்து முன்னதோடு டிஃப் போட்டுப் பார். டம்ப் உன் ஸ்ட்ரக்சரைப் படிக்காமல் சிப்பையே படிக்கும்படி எழுதியிருக்க வேண்டும். மாட்யூலைக் கழற்றி மாட்டினால் எல்லாம் டீஃபால்ட்டுக்குத் திரும்புவது சரி. மற்ற எந்த வழியிலாவது திரும்பினால், அந்த வழியில் எங்கோ ப்ரோப்பில் இருக்க வேண்டிய ஒரு வரி உட்கார்ந்திருக்கிறது. முதலில் ஓப்பனில் தேடு, அடுத்து ரீசெட்டில்.