எப்போ இறங்குவான் என்று கேட்பவர்களுக்கு

அன்புள்ள தங்கைக்கு,

ராமாபுரத்தில் நீ பார்த்துக்கொள்ளும் கால்பந்துப் பையனுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். மனசு நிறைந்தது. ஆனால் உன் கடிதத்தில் பாதிக்கு மேல் அவன் முட்டியைப் பற்றி இல்லை, ஊர்க்காரர்களைப் பற்றித்தான் இருந்தது. மருந்துக்கடை, டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, எங்கே போனாலும் "நம்ம ஆளு எப்போ இறங்குவான்?" என்று உன்னை மறிக்கிறார்கள். ஒருவர் ஆறு மாசம் என்கிறார். இன்னொருவர், அவ்வளவுதான், இனிமேல் அவனால் பழையபடி ஓட முடியாது என்கிறார். ஜவ்வு கிழியவே இல்லை, வேறு டீமுக்குப் போக நடிக்கிறான் என்று சொல்கிறவரும் இருக்கிறார். பிசியோதெரபி படித்து வந்த எனக்கு இதற்குப் பதில் சொல்ல யாரும் கற்றுத்தரவில்லையே அண்ணா என்று கேட்டிருக்கிறாய்.

முதலில் அவர்கள்மேல் கோபப்படாதே. 2002 ஏப்ரலில் இங்கிலாந்து அணியின் டேவிட் பெக்காமின் இடது பாதத்தில் எலும்பு முறிந்தபோது, லண்டன் பத்திரிகை ஒன்று அவர் பாதத்தின் படத்தை அச்சடித்து, வாசகர்கள் அதன்மேல் கைவைத்துப் பிரார்த்திக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அதுவரை பெயர்கூடத் தெரியாத ஒரு சிறிய பாத எலும்பைப் பற்றி ஒரு நாடே பேசியது. உலகக் கோப்பைக்கு ஏழு வாரம்தான் பாக்கி, பயம் இருக்காதா? பேச்சு அந்தப் பயத்தில்தான் பிறக்கிறது. தனக்குப் பிடித்தவன் வெளியே உட்கார்ந்திருக்கும்போது, வேறெதுவும் செய்ய வழியில்லாத ரசிகன் நாள் கணக்குப் போடுகிறான். உன் ஊர்க்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

நம் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ். 2018 மார்ச் 13 அன்று சென்னை நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி. அணி கோவாவை 3-0 என்று தோற்கடித்த இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அரையிறுதியில் ஒரு கோல் அவருடையது. நான்கு நாள் கழித்து, உன் ஊரிலிருந்து போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் இருக்கும் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், பெங்களூருவை 3-2 என்று வென்று கோப்பை வாங்கிய அணியின் நடுக்களத்திலும் அவர் இருந்தார். அடுத்த ஐ.எஸ்.எல். சீசனை முட்டி ஆபரேஷன் விழுங்கிவிட்டது. நேற்றுவரை கேலரி தன் பெயரைக் கத்திய இடத்தில், இன்று தன் முட்டியைப் பற்றிய பேச்சு மட்டும் கேட்கும்போது ஒரு ஆட்டக்காரனுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப்பார். உன் பையனும் இப்போது அங்கேதான் இருக்கிறான்.

ஊரின் அன்பை ஏற்றுக்கொள். ஊர் சொல்லும் தேதியை மட்டும் உன் சிகிச்சை அறைக்குள் விடாதே. உனக்கு நான் சொல்ல வேண்டியது முக்கியமாக இதுதான். காரணத்தையும் சொல்கிறேன்.

பிரேசிலின் ரொனால்டோவுக்கு 1999 நவம்பரில் முட்டித் தசைநாண் கிழிந்து ஆபரேஷன் ஆயிற்று. ஐந்து மாதத்துக்குள், 2000 ஏப்ரல் 12 அன்று, ரோமில் லாட்சியோவுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். சில நிமிஷம்தான். பந்தைக் காலில் வைத்து ஒரு திருப்பம் திரும்பினார்; யாரும் அவரைத் தொடவில்லை; அதே முட்டியின் தசைநாண் முழுதாக அறுந்து கீழே விழுந்தார். இரண்டாவது தடவை மீள ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தப் பொறுமைக்குப் பிறகுதான் 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல் அடித்தார். இறுதி ஆட்டத்தின் இரண்டு கோலும் அவருடையவை. முதல் தடவையும் அந்த முட்டி கேட்டது அதே பொறுமையைத்தான்.

உன் பையனுக்குக் கிழிந்தது முன்சிலுவை ஜவ்வு. தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாண் எடுத்து அங்கே வைத்திருக்கிறார்கள். ஒட்டவைத்த அந்த நாணின் பழைய செல்கள் முதலில் செத்துப்போகும். பிறகு புது ரத்தக்குழாய்கள் உள்ளே வரும், புது செல்கள் வரும், மெல்ல மெல்ல அது ஜவ்வாக மாறும். சுமார் ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை அது மிகவும் பலவீனமாக இருக்கிறது. அந்த வாரங்களில்தான் வீக்கம் வடிகிறது, வலி போகிறது, ஆள் நொண்டாமல் நடக்கிறான். "பாருங்க, நல்லாத்தானே நடக்கிறான்" என்று ஊர் சொல்லும் நேரமும் அதுதான். அவனுக்கே ஒரு சந்தேகம் வரும், இந்த அக்கா நம்மை வீணாகப் பிடித்து வைத்திருக்கிறாரோ என்று. அந்த வாரங்களில் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

நார்வேயிலும் அமெரிக்காவின் டெலவேரிலும் நடந்து 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒன்பது மாதம்வரை திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முட்டி மறுபடி அடிபடும் விகிதம் 51 சதவீதம் குறைந்தது. ஆறு மாசம் என்று சொல்லும் பெரியவரிடம் இந்தக் கணக்கை நீ தாராளமாகச் சொல்லலாம். இது யாருடைய ரகசியமும் இல்லை.

ஒன்பது மாதம் முடிந்தாலும் தேதியை நம்பி இறக்காதே. அவனை ஒற்றைக்காலில் தாண்டச் சொல். நல்ல காலில் 160 செ.மீ. தாண்டுகிறான், ஆபரேஷன் ஆன காலில் 120 என்றால் 75 சதவீதம்தான். குறைந்தது 90 வேண்டும். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது, கவனி. மாதக்கணக்கில் ஆடாததால் நல்ல காலும் இளைத்திருக்கும். இரண்டும் சேர்ந்து தளர்ந்துவிட்டால் சதவீதம் அழகாக வரும். அதனால் முதல் வாரத்திலேயே இரண்டு தொடையையும் இன்ச் டேப்பால், முட்டிச் சில்லுக்கு மேலே ஒரே அளவான இடத்தில் அளந்து நோட்டில் குறித்துவை. அவன் எப்படி இறங்குகிறான் என்பதையும் பார். கால் தரையைத் தொடும் நொடியில் முட்டி உள்பக்கம் சாய்ந்தால், எத்தனை செ.மீ. தாண்டியிருந்தாலும் அவன் இன்னும் தயாராகவில்லை.

மனசும் தயாராக வேண்டும். ஜவ்வு ஆபரேஷன் ஆனவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டுக் கணக்கில், ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம்; போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம். முட்டி சரியாகியும் இறங்காதவர்கள் நிறையப் பேர், பயத்தால். அந்தப் பயத்தை வளர்ப்பதில் நம் பேச்சுக்கும் பங்கு உண்டு. என்னிடம் வந்த ஒரு பையன், முட்டிக்கு பிரேஸ் போட்டுக்கொண்டு தன் டீமின் ஆட்டத்தைப் பார்க்கப் போனான். பின் வரிசையில் ஒருவர், அவன் முன்னால் இருப்பது தெரியாமல், "அவனுக்கு ஒண்ணும் இல்லப்பா, காசு பத்தலைன்னு உக்காந்துட்டான்" என்றார். மறுநாள் காலை என்னிடம் வந்தவன் எதுவும் சொல்லவில்லை, நான் ஐந்து கிலோ போடச் சொன்ன இடத்தில் பத்து கிலோ போட்டுக் காலைத் தூக்கினான். நிறுத்திக் கேட்டபோதுதான் அழுதான். நடிப்பு என்று யாராவது உன்னிடம் சொன்னால், அங்கே மட்டும் மென்மையாக இருக்காதே. "அவர் முட்டியை நான் பார்த்திருக்கிறேன், நீங்கள் பார்க்கவில்லை" என்று சொல்லிவிடு. அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

அதற்கு மேல் ஏன் வேண்டாம் என்றால், ஸ்கேனில் என்ன இருந்தது, குருத்தெலும்பு கிழிந்ததா, இரவில் தூங்குகிறானா என்பதெல்லாம் அவன் சொத்து. அவன் அப்பா கேட்டாலும், கிளப் செக்ரட்டரி கேட்டாலும், முதலில் அவனிடம் கேட்டுவிட்டுச் சொல். ஊருக்கு என்ன சொல்லலாம் என்பதை அவனோடு உட்கார்ந்து முடிவு செய். "இப்போ சைக்கிள் மிதிக்கிறான், அடுத்தது மெல்லோட்டம்" என்று எந்தப் படியில் இருக்கிறான் என்பதை மட்டும் சொல்ல அவன் சம்மதித்தால், அதையே எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல். ஒருவரிடம் ஒரு வார்த்தை கூடப் போனாலும், சாயங்காலத்துக்குள் அது நாலு கதையாகித் திரும்பி வரும்.

புத்தூர் கட்டுப் போட்டால் போதும் என்று அவன் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதாக எழுதியிருந்தாய். அவர்களைக் கேலி செய்யாதே. எலும்பு முறிந்தால் அசையாமல் கட்டி வைத்தால் கூடும்; அவர்கள் தலைமுறை கண்ணால் கண்டது அது. முட்டிக்குள் அறுந்த இந்த ஜவ்வு, எத்தனை நாள் கட்டி வைத்தாலும் பெரும்பாலும் தானாகச் சேராது. இதைப் படம் வரைந்து காட்டு, கேட்டுக்கொள்வார்கள்.

அவனுக்குச் சொல்ல ஒரு பெயர் வேண்டுமென்றால் இந்தியக் கால்பந்து வீரர் சந்தேஷ் ஜிங்கனைச் சொல். 2019 அக்டோபரில் குவாஹாட்டியில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் முன்சிலுவை ஜவ்வு கிழிந்தது. அந்த சீசன் முழுக்கப் போயிற்று. அவர் கேரளா பிளாஸ்டர்ஸை விட்டு விலகியபோது, அவர் அணிந்த 21-ஆம் எண்ணை கிளப் இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்தது. திரும்பி வந்து ஆடிய 2020-21 சீசனில் நாட்டின் சிறந்த வீரர் விருது வாங்கினார். பிறகு குரோஷியாவுக்குப் போனார். அங்கே காயத்தால் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் சிரியாவுக்கு எதிராக மறுபடி முட்டி போயிற்று. அதிலிருந்தும் எழுந்து கோவா அணிக்கு ஆடினார். இதில் நல்லதை மட்டும் எடுத்துச் சொல்லாதே, எல்லாவற்றையும் சொல். பொய் நம்பிக்கையை அவன் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவான்.

ஒரு வேலை தருகிறேன். கேள்வி கேட்கும் அந்த ரசிகர்களில் பாதிப்பேர் ஞாயிற்றுக்கிழமை தாங்களே பந்தாடுகிறவர்கள், வார்ம்-அப் இல்லாமல் இறங்குகிறவர்கள். ஃபிஃபாவின் 'இலெவன் பிளஸ்' பயிற்சி இருபது நிமிஷம்தான், பந்தும் ஒரு துண்டு நிலமும் போதும். நார்வேயில் இளம்பெண்களிடம் செய்து பார்த்து 2008-ல் வெளியான ஆய்வில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. பெண்களுக்கு இந்த ஜவ்வு கிழியும் ஆபத்து அதிகம் என்பதால், பள்ளிக்கூடப் பெண்கள் டீமில் முதலில் ஆரம்பி. அவனையும் கூட்டிப்போய் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, முட்டி உள்ளே சாய்கிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்.

தொடை அளவுகளை அடுத்த கடிதத்தில் எழுது. இரண்டு காலுடையதும் வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்