ராஜினாமா கடிதம் கொஞ்சம் காத்திருக்கட்டும்

கேள்வி: அலுவலக வேலைக்கு நடுவே ஓவியம் வரைந்து விற்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஓவியத்தையே நம்பி வாழ முடியுமா? – வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாக முடியும். ஆறு மாத வீட்டுச் செலவு கையிருப்பில் சேர்ந்து, தொடர்ந்து வேலை தருகிறவர்கள் இரண்டு மூன்று பேராவது அமைந்த பிறகு ராஜினாமா கடிதத்தை நீட்டுங்கள். பாதிப் பணம் அட்வான்ஸாக வராமல் தூரிகையைத் தொடாதீர்கள்; 'பார்த்துப் போட்டுத் தர்றோம்' என்பவர் பெரும்பாலும் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்.

முக்கியமான ஒன்று: காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி வரையச் சொன்னவருக்கே போய்விடும். காலண்டருக்கு வரைவதென்றால், 'உரிமை எனக்கே, இந்த வருடக் காலண்டரில் அச்சிட மட்டும் அனுமதி' என்று ஆர்டர் எடுக்கும்போதே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதே படம் அடுத்த வருடமும் சம்பாதித்துத் தரும்.