ஒரு நிமிடம் எத்தனை சென்?

ஜொகூர் பாருவில் புதிதாக அழகு நிலையம் திறப்பவர்கள் விலைப் பட்டியல் போடும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். பக்கத்து வரிசைக் கடைக்கு ஒரு தோழியை அனுப்பிப் புருவம் திருத்திக்கொண்டு வரச் சொல்வார்கள். அங்கே எட்டு ரிங்கிட் என்றால் இங்கே ஏழு. ஃபேஷியல் அங்கே தொண்ணூறு என்றால் இங்கே எண்பது. ஆறு மாதம் போனபிறகு, “ஆள் வராமல் இல்லை, மாசக் கடைசியில் கையில்தான் எதுவும் நிற்பதில்லை” என்பார்கள்.

பக்கத்துக் கடைக்காரருக்கு அந்தக் கடை சொந்தமாக இருக்கலாம். அவருடைய மகள் சம்பளம் வாங்காமல் கூட நிற்கலாம். இல்லையென்றால், அவரும் இன்னொரு கடைப் பலகையைப் பார்த்து எழுதியவராக இருக்கலாம். இதுதான் அதிகம் நடப்பது. தெருவில் யாருமே கணக்குப் போடாமல், எல்லோரும் எல்லோரையும் பார்த்து விலை குறைத்துக்கொண்டிருப்பார்கள்.

பட்டியலில் ஃபேஷியல், வேக்சிங் என்று எழுதினாலும் நீங்கள் உண்மையில் விற்பது கையின் நேரம். கிரீமும் மெழுகும் விலையில் சிறு பங்குதான். ஆகவே முதல் கேள்வி, உங்கள் கடையில் ஒருவரின் ஒரு நிமிடத்துக்கு எத்தனை சென் செலவாகிறது என்பது.

ஒரு உதாரணக் கணக்கு. தாம்போயிலோ ஸ்கூடாயிலோ ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். வாடகை 2,500 ரிங்கிட். உரிமையாளரோடு இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள், ஆளுக்கு 1,900. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பது 2025 பிப்ரவரியில் வந்தது. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சின்னக் கடைகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து அதுவே சட்டம். சம்பளத்தின்மேல் முதலாளி பங்காக இபிஎஃப் 13 விழுக்காடு, சொக்ஸோ, வேலைக் காப்புறுதி எல்லாம் சேர்த்தால் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய 4,370. மின்சாரம், தண்ணீர், இணையம் 700. துண்டு சலவை, பழுது, உரிமக் கட்டணம், தேய்ந்துபோகும் இயந்திரங்களுக்கு ஒதுக்கீடு 650. கடைசியாக உங்கள் சம்பளம் 3,500. இந்த வரியைத்தான் பலர் எழுதுவதே இல்லை. “மிஞ்சுவதுதானே என் சம்பளம்?” என்பார்கள். மிஞ்சுவது லாபம். நாற்காலிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்றதற்குக் கூலி வேறு. மொத்தம் 11,720 ரிங்கிட்.

இனி நேரம். வாரத்துக்கு 45 மணி நேர வரம்பை ஒட்டி, ஒருவருக்கு மாதம் 195 மணி நேரம். மூன்று பேருக்கு 585. செலவை இதால் வகுத்தால் மணிக்கு 20 ரிங்கிட், நிமிடத்துக்கு 33 சென். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 585 மணி நேரமும் யாராவது நாற்காலியில் இருப்பார்களா? செவ்வாய்க்கிழமை காலை உங்கள் கடையை நீங்களே நினைத்துப் பாருங்கள். பாதி நேரம் விற்றாலே நல்ல கடை. பாதி என்றால் மணிக்கு 40 ரிங்கிட், நிமிடத்துக்கு 67 சென்.

அடுத்து, ஒவ்வொரு வேலையும் எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்று கைப்பேசியில் கடிகாரம் வைத்து ஒரு வாரம் குறியுங்கள். “திரெடிங் ஐந்து நிமிஷம்தான்” என்பார்கள். ஒருவர் வந்து உட்காருகிறார். எந்த வடிவம் என்று கைப்பேசியில் படம் தேடிக் காட்டுகிறார். பவுடர் போட்டு, நூலைப் பல்லில் கவ்வி இரண்டு புருவத்தையும் முடிக்கிறீர்கள். கண்ணாடியைக் கொடுத்ததும், “இடது பக்கம் கொஞ்சம் தடிப்பா இருக்கே அக்கா” என்கிறார். அதையும் சரிசெய்து கற்றாழை ஜெல் தடவும்போது, “மேல் உதடும் ஒரு இழுப்பு இழுத்துடுங்களேன்” என்று ஒரு வேண்டுகோள் வரும். அதற்குக் காசு கேட்க உங்களுக்குக் கூச்சம். பிறகு கியூஆர் ஸ்கேன் செய்து, பணம் ஏறிவிட்டதா என்று பார்த்து, நாற்காலியைத் துடைத்தால் பன்னிரண்டு நிமிடம். 67 சென் கணக்கில் எட்டு ரிங்கிட். ஐந்து ரிங்கிட்டுக்குப் புருவம் திருத்துகிறவர் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மூன்று ரிங்கிட் தன் கையிலிருந்து கொடுத்து அனுப்புகிறார்.

ஃபேஷியல் 75 நிமிடம், தயாரிப்புக்கும் சுத்தம் செய்வதற்கும் 15. தொண்ணூறு நிமிடத்துக்கு 60 ரிங்கிட். பொருட்கள் 12. பதினைந்து விழுக்காடு லாபம் வைத்தால் 83 வரும், பலகையில் 85 என்று எழுதலாம். இன்ஸ்தாகிராமில் பார்க்கும் 38 ரிங்கிட் ஃபேஷியலை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். அங்கே ஒன்று நேரம் குறையும், இல்லை பொருள் குறையும், இல்லை படுத்திருப்பவரிடம் இருபது நிமிடம் பேக்கேஜ் விற்பனை நடக்கும்.

பேக்கேஜ் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. பத்து ஃபேஷியலுக்கு முன்பணம் வாங்கி அந்தக் காசில் வாடகை கட்டும் கடை, கடன் வாங்கிப் பிழைக்கிறது. மூன்று அல்லது நான்கு அமர்வுக்கு மேல் முன்பணம் வாங்காதீர்கள். வாங்கியதையும் வேலை முடிய முடியத்தான் வருமானம் என்று எழுதுங்கள்.

முடிச்சாயத்துக்கும் ரிபாண்டிங்குக்கும் ஒரே விலை போடுவதும் நட்டத்துக்கு வழி. நம் பெண்களின் முடி நீளமும் அடர்த்தியும் தெரிந்ததுதானே. 60 கிராம் சாய டியூப் தோள்வரை முடிக்கு ஒன்று போதுமென்றால், இடுப்பைத் தொடும் முடிக்கு மூன்றும் போதாமல் போகலாம். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, கலக்கும் சாயத்தை நிறுத்து எழுதுங்கள். காது வரை, தோள் வரை, இடுப்பு வரை என்று மூன்று விலை வையுங்கள். கலக்குவதற்கு முன்பே விலையைச் சொல்லிவிடுங்கள். தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருப்பவரிடம் கூடுதல் காசு கேட்பது நல்ல பெயரைக் கெடுக்கும்.

சரி, பாலத்துக்கு அந்தப் பக்கம். 1973 வரை நம் காசும் சிங்கப்பூர்க் காசும் ஒன்றுக்கு ஒன்று. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். உட்லண்ட்ஸிலிருந்து வருபவருக்கு உங்கள் 85 ரிங்கிட் மலிவுதான். அதனால் “சிங்கப்பூர்காரங்களுக்குத் தனி விலை வைக்கலாமா?” என்று கேட்கிறார்கள். வைக்காதீர்கள். வெளிநாட்டு வண்டிக்கு ரோன் 95 கிடையாது என்று அரசாங்கம் சொல்லலாம். நீங்கள் சொன்னால் அன்று மாலையே கூகல் விமர்சனத்தில் வந்துவிடும். தவிர, அவர்களில் பலர் அங்கே வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள். கடப்பிதழைப் பார்த்தா விலை சொல்வீர்கள்?

ஆளுக்கு ஆள் விலையை மாற்றாமல் நாளுக்கு நாள் மாற்றுங்கள். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஜொகூரின் வார விடுமுறை சனி, ஞாயிறு. அதற்கு முன் 2014 தொடங்கி வெள்ளியும் சனியும். அப்போது வெள்ளிக்கிழமை உள்ளூர்க் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர்க் கூட்டம் என்று மூன்று நாளில் வேலை பரவியிருந்தது. இப்போது இரண்டு கூட்டமும் ஒரே இரண்டு நாளில் வந்து மோதுகிறது. சனிக்கிழமை மதியம் ஐந்து ரிங்கிட் புருவத்துக்கு நாற்காலியைக் கொடுத்தால் 85 ரிங்கிட் ஃபேஷியலைத் திருப்பி அனுப்புகிறீர்கள். புதன்கிழமை காலை அதே புருவம் சும்மா கிடக்கும் நேரத்தில் வந்த வரவு. எனவே முழு விலையைச் சனி, ஞாயிறுக்கு வைத்து, திங்கள் முதல் வியாழன் வரை பத்து, பதினைந்து விழுக்காடு கழிவு என்று எழுதுங்கள். “வார இறுதியில் கூடுதல் கட்டணம்” என்று எழுதினால் அதே கணக்குக்கு முகம் சுளிப்பார்கள். புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் போகும் ஆர்டிஎஸ் ரயில் ஓட ஆரம்பித்தால் வார நாள் மாலையிலும் ஆள் வரலாம். அந்த நேரத்தை இப்போதே நிரந்தரக் கழிவில் கட்டிப்போடாதீர்கள்.

சிங்கப்பூர் இன்னொரு வகையிலும் உங்கள் விலையைத் தொடுகிறது. நன்றாகக் கை பழகிய பெண் ஒருத்தி இரண்டே ஆண்டில் அந்தப் பக்கம் வேலைக்குப் போய்விடுவாள். அந்தச் சம்பளத்தோடு நாம் போட்டி போட முடியாது. ஆனால் மலிவு விலை வைத்து, அதனால் அடிமட்டச் சம்பளம் கொடுத்து, அதனால் ஆளை இழந்து, புதியவருக்கு மறுபடி கற்றுக்கொடுப்பதும் செலவுதான். அதையும் எழுதுங்கள்.

மணப்பெண் அலங்காரத்தில் நேரக் கணக்கு இன்னும் மோசமாக ஏமாற்றும். விடியற்காலை முகூர்த்தம் என்றால் மூன்று மணிக்கே எழுந்து கிளம்ப வேண்டும். முன்னோட்ட அலங்காரம் ஒரு நாள், சேலை கட்டுவது, பூ வைப்பது, மாலை விருந்துக்கு வேறு தோற்றம், கூட ஒரு உதவியாள், கூலாய் வரை பெட்ரோல். இதோடு “அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் லேசா டச்சப் மட்டும்.” லேசாக என்பது ஆளுக்கு முக்கால் மணி. ஒவ்வொன்றுக்கும் தனி விலை எழுதிக் கொடுங்கள், முன்பணம் வாங்கியபிறகே தேதியைக் குறியுங்கள். தையிலும் ஆவணியிலும் விலை குறைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது, முடிப் பராமரிப்புக்குச் சலுகை கொடுப்பதானால் அப்போது கொடுங்கள். மணப்பெண் வீடு சிங்கப்பூரில் என்றால் எச்சரிக்கை. வேலை அனுமதி இல்லாமல் அங்கே போய்க் காசுக்கு அலங்காரம் செய்வது குற்றம். 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எந்த பேக்கேஜும் அதற்கு ஈடாகாது.

வாட்ஸ்அப் குழு பற்றி ஒரு வார்த்தை. “நம்ம ஏரியாவில் எல்லாரும் சேர்ந்து புருவத்துக்குப் பத்து ரிங்கிட் ஆக்கிடுவோம்” என்று நல்லெண்ணத்தோடு யாராவது எழுதுவார்கள். அதில் சேராதீர்கள். 2010ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில் விலையைக் கூடிப் பேசி வைப்பதற்குத் தடை உண்டு. மலேசியப் போட்டி ஆணையம் 2012இல் முதன்முதலாகப் பிடித்ததே கேமரன் மலைப் பூ விவசாயிகள் சங்கத்தைத்தான். அவர்கள் பத்து விழுக்காடு ஏற்றுவதாகச் சேர்ந்து முடிவெடுத்திருந்தார்கள். கணக்குப் போடும் முறையைப் பகிர்ந்துகொள்ளலாம், முடிவை அவரவர் கடையில் எடுங்கள். சேவை வரி பற்றியும் குழுவில் குழப்பம் ஓடும். 2025 ஜூலையில் வரவிருந்த எட்டு விழுக்காடு சேவை வரியிலிருந்து அழகுச் சேவைகளை அரசாங்கம் ஜூன் இறுதியிலேயே எடுத்துவிட்டது. அந்தப் பெயரில் ரசீதில் காசு ஏற்ற வேண்டாம்.

கணக்குப் போட்டபின் பெரும்பாலோருக்கு விலையை ஏற்ற வேண்டிவரும். தீபாவளிக்கு முந்தின மாதம் ஏற்றாதீர்கள், கூட்டத்தைப் பார்த்து ஏற்றியதாகத்தான் பேசுவார்கள். தைப்பூசம் முடிந்தபின் நல்ல நேரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றாமல் நட்டம் அதிகமுள்ள மூன்று சேவைகளை முதலில் எடுங்கள். ஒரு மாதம் முன்பே செய்தி அனுப்புங்கள்: “வணக்கம் அக்கா. மார்ச் 1 முதல் புருவம் 9 ரிங்கிட், மேல் உதடு 4 ரிங்கிட். திங்கள் முதல் வியாழன் வரை பழைய விலையே.” இவ்வளவு போதும். வாடகை ஏறியது, சாமான் விலை ஏறியது என்று கதை எழுதினால் பேரம் பேச இடம் கொடுத்ததாகிவிடும்.

பத்து வருஷமாக வரும் அக்கா ஒருவர், “எனக்குமா இந்த விலை?” என்று கேட்பார். அவருக்கு வார நாள் நேரம் கொடுங்கள். சனிக்கிழமைதான் வருவேன் என்றால் ரசீதில் ஒன்பது ரிங்கிட் என்று முழுதாக எழுதி, அடியில் இரண்டைக் கழித்துக் காட்டுங்கள். மாதக் கடைசியில் அப்படிக் கழித்ததையெல்லாம் கூட்டிப் பாருங்கள். உங்கள் தங்கையின் தோழிகளுக்குச் செய்ததையும் சேர்த்து.