நாணயக் கடை கவுன்ட்டரில் முதல் மாதம்

அமெரிக்காவில் நாணயக் கடை வேலைக்குச் சேர்ந்தால் முதலில் கையில் கிடைப்பது 'ரெட் புக்' என்ற விலைக் கையேடு. 1946 முதல் வந்துகொண்டிருக்கிறது. எந்த ஆண்டுக் காசு அரிது என்பதை அதிலிருந்து மனப்பாடம் செய்துவிடலாம். அதே பட்டியல் காசைத் திருத்தி விற்பவனிடமும் இருக்கிறது. அதனால் ஒவ்வோர் அரிய ஆண்டையும் அதன் போலியோடு சேர்த்தே படியுங்கள். பத்து மடங்கு லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, காந்தம்: மேசையில் இவை போதும்.

லிங்கன் சென்ட்டில் தொடங்குங்கள். 1909-இல் வடிவமைப்பாளர் விக்டர் டேவிட் பிரென்னரின் முதலெழுத்துகள் 'வி.டி.பி.' என்று பின்புறத்தின் அடியில் இருந்தன. விளம்பரம் தேடுகிறார் என்று கண்டனம் எழவே, சில நாள்களிலேயே எடுத்துவிட்டார்கள். அதற்குள் சான்ஃபிரான்சிஸ்கோவில் அடித்தவை 4,84,000 மட்டுமே. அதுதான் புகழ்பெற்ற '1909 எஸ் விடிபி'. அந்த எழுத்துகள் 1918-இல் மிகச் சிறியதாக லிங்கனின் தோள் விளிம்புக்குத் திரும்பின. இந்தக் கதை கவுன்ட்டரில் நேரடியாக உதவும். டென்வரில் 1914-இல் அடித்த சென்ட் அரிது. 1944 டென்வர் சென்ட்டோ மலிவு. முதல் 4-ஐச் சுரண்டி 1 ஆக்கி, அதை 1914 என்று விற்பார்கள். தோளில் வி.டி.பி. தெரிந்தால் பேச்சு முடிந்தது. 9-க்கும் 1-க்கும் நடுவே இடைவெளி அகலமாக இருப்பதும் காட்டிக்கொடுக்கும்.

1943 'செம்பு' சென்ட் அடிக்கடி வரும், பெரும்பாலும் தாத்தாவின் பெட்டியிலிருந்து. போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஆண்டு எஃகில் அடித்தார்கள். பழைய வெண்கலத் தகடுகள் விரல்விட்டு எண்ணும் அளவில் தப்பி அச்சுக்குப் போயின. காந்தத்தில் ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய எஃகு. ஒட்டாவிட்டாலும் மகிழ வேண்டாம். 1948-இன் 8-ஐச் செதுக்கி 3 ஆக்கியவையும் உண்டு. அசல் 3-இன் வால் மற்ற எண்களைவிடக் கீழே இறங்கியிருக்கும்.

1916-இல் டென்வரில் அடித்த டைம், அதாவது பத்து சென்ட் காசு, 2,64,000 மட்டுமே. அன்றைய பிலடெல்பியா டைமில், அடித்த ஊரைக் குறிக்கும் மின்ட் எழுத்தே கிடையாது என்பதால் அதில் ஒரு 'டி' ஒட்டுவது பழைய தந்திரம். எழுத்தைச் சுற்றி லென்ஸில் விளிம்புக்கோடு தெரிகிறதா பாருங்கள்.

வெள்ளிக்கு அவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 1964 வரையான வெள்ளிக் குவார்ட்டர் (25 சென்ட்) புதிதாக இருந்தபோது 6.25 கிராம், பிறகு வந்தது 5.67.

அச்சுப் பிழைகளில்தான் வாக்குவாதம் வரும். அச்சு தயாராகும்போதே உருவம் சற்று விலகி இரண்டு முறை பதிந்தால் அது இரட்டை அச்சு. அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் அது வரும். 1955 சென்ட்டில் வெறுங்கண்ணுக்கே எழுத்துகள் இரண்டாகத் தெரியும். அடிக்கும் நொடியில் அச்சு அசைந்தால் வருவது வேறு: எழுத்தின் ஓரம் தட்டையாக, படிக்கட்டு போல நசுங்கியிருக்கும். அதற்குக் கூடுதல் விலை கிடையாது. தேய்ந்த அச்சால் கடைசி 5 மட்டும் இரட்டையாகத் தெரியும் 1955 காசுக்கு 'ஏழையின் இரட்டை அச்சு' என்றே பெயர். 1982-க்குப் பிந்தைய துத்தநாகச் சென்ட்டில் முலாம் கொப்புளித்திருப்பதையும் பிழை என்று கொண்டுவருவார்கள். அவர்கள் இணையத்தில் பார்த்த விலையைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் முன்னால் காசைத் துடைக்காதீர்கள். அவரும் துடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பளபளப்பு ஏற்றிய காசின் மதிப்பு அந்த நிமிடமே சரியும். விளிம்பைப் பிடித்தே எடுங்கள். சந்தேகமிருந்தால் விலை சொல்லாமல், பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி நிறுவனத்தின் தரச்சான்றுக்கு அனுப்பப் பரிந்துரையுங்கள். காசின் மதிப்பு சான்றுக் கட்டணத்தைத் தாண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அந்த நிறுவனங்கள் காசை அடைத்துத் தரும் உறையிலேயே போலி வருகிறது, ஆகவே உறையின் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் சரிபார்க்காமல் பணம் எடுக்காதீர்கள்.

இந்த வேலையில் நிலைக்க நினைத்தால், கொலராடோ ஸ்பிரிங்ஸில் அமெரிக்க நாணயவியல் சங்கம் கோடையில் நடத்தும் வகுப்புகளில் போலி கண்டறிதலை முதலில் எடுங்கள். தரம் பிரிப்பதைக் கடையிலேயே பழகிக்கொள்ளலாம்.