முனைவர் பட்டம் முடித்தாச்சா? அடுத்த ஆய்வுப் பணிக்கு வழி!

தேனி, கம்பம் பகுதியில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் முதுமுனைவர் ஆய்வுப் பணிக்குச் சென்னை, பெங்களூருவை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை.

● தாவரவியல், தோட்டக்கலை படித்தவர்களுக்கு அருகிலேயே பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. இரண்டும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. அதன் இணையதளத்தில் வரும் திட்டப் பணியிட அறிவிப்புகளை வாரந்தோறும் பாருங்கள். மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டம் மைலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

● அறிவிப்புகளில் 'ரிசர்ச் அசோசியேட்' பணியிடங்களைத் தவறவிடாதீர்கள். மத்திய அரசுத் திட்டங்களில் இதன் தொடக்க உதவித்தொகை 2023 முதல் மாதம் 58,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி.

● அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் தேசிய முதுமுனைவர் உதவித்தொகை 2 ஆண்டுகளுக்கானது. வயது வரம்பு 35. பெண்கள், பட்டியலினத்தவர், இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத் திறனாளிகளுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுப் பட்டத்துக்குக் காத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம்.

● இந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க, நீங்கள் சேர விரும்பும் நிறுவனத்தின் வழிகாட்டிப் பேராசிரியருடைய சம்மதம் தேவை. அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல், அவருடைய சமீபத்திய கட்டுரைகளைப் படித்து, உங்கள் ஆய்வுத் திட்டத்தை ஒரே பக்கத்தில் எழுதி இப்போதே மின்னஞ்சல் அனுப்புங்கள்.