ஃபில்டரைப் பளிச்சென்று கழுவாதீர்கள்

தொட்டியை நன்றாகக் கழுவி, ஃபில்டரைப் பிரித்துத் தேய்த்து, புதுத் தண்ணீர் விட்ட இரண்டு மூன்று நாளில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். வண்ணமீன் கடைகளுக்குப் பெயர்பெற்ற சென்னை கொளத்தூரில் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது. தீனி சரியில்லை, மீனே நோயோடு வந்தது, கண் பட்டுவிட்டது என்று காரணம் தேடுகிறார்கள். பல வீடுகளில் உண்மைக் காரணம், அக்கறையோடு செய்த அந்தச் சுத்தம்தான்.

“ஃபில்டர் எவ்வளவு சுத்தமோ, மீனுக்கு அவ்வளவு நல்லது”

ஃபில்டரை வெறும் குப்பை வடிகட்டி என்று நினைப்பதால் வரும் நம்பிக்கை இது. கண்ணுக்குத் தெரியும் குப்பையை அது பிடிக்கிறது, சரி. அதன் பெரிய வேலை கண்ணுக்குத் தெரியாது. மீன்கள் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகும்போது இன்னும் சேர்கிறது. நிறமில்லாத விஷம் அது. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும்போதே மீன் செத்துப்போகலாம். பி.எச். ஏற ஏற அதன் நச்சுத்தன்மையும் ஏறும். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 இருக்கும் தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

இந்த விஷத்தை முறிப்பவை ஸ்பாஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிரிகள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது; மற்றொன்று நைட்ரைட்டை, அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட் ஆக்குகிறது. இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபேக்டர் என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-ல் டிமோத்தி ஹோவனெக் குழுவினர் காட்டினார்கள். 2005-ல் அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத் தொட்டியிலிருந்தே, அம்மோனியாவை உண்டு வாழும் ஆர்க்கியா வகை நுண்ணுயிர் ஒன்று முதன்முறையாகப் பிரித்தெடுக்கப்பட்டது.

இவை மெதுவாகப் பெருகுபவை. புதுத் தொட்டியில் போதிய அளவு வளர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். சோப்பு, பிளீச்சிங் பவுடர், கொதிநீர் போட்டு ஸ்பாஞ்சை வெளுக்க வைப்பவர், அத்தனை வார உழைப்பையும் ஒரே காலையில் சாக்கடையில் ஊற்றுகிறார்.

“குழாயடியில் அலசினால் போதும்”

குடிநீரில் கிருமி வளராமலிருக்கக் குளோரின் சேர்க்கிறார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். நமக்கு நல்லது, ஃபில்டரில் குடியிருக்கும் உயிர்களுக்குக் கெடுதல். ஒருமுறை குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டால் எல்லாமே செத்துவிடும் என்று பயமுறுத்துவதும் மிகைதான். வழுவழுப்பான படலத்துக்குள் ஒட்டியிருப்பவை ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனாலும் புதுத் தொட்டி, நிறைய மீன் உள்ள தொட்டி என்றால் அந்த ஆபத்தை ஏன் விலைகொடுத்து வாங்க வேண்டும்?

சரியான வழி எளிது. முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். மோட்டார் ஓடும்போது தண்ணீரில் கை வைக்கவே கூடாது. தொட்டித் தண்ணீரில் அரை வாளி எடுத்து, அதற்குள் ஸ்பாஞ்சை முக்கி மூன்று நான்கு முறை பிழிந்தால், டிகாஷன் நிறத்தில் அழுக்கு இறங்கும். ஸ்பாஞ்சின் துளைகள் வழியே தண்ணீர் தடையில்லாமல் போனால் வேலை முடிந்தது. அது பழுப்பாகவே இருக்கட்டும். செராமிக் வளையங்களை அதே வாளியில் லேசாகக் குலுக்கினால் போதும். வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், நல்ல உரம்.

“மாதாமாதம் ஸ்பாஞ்சை மாற்ற வேண்டும்”

வேண்டாம். நல்ல ஸ்பாஞ்ச் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். நைந்துபோனால் மட்டும் மாற்றலாம். அப்போதும் புதியதைப் பழையதோடு சில வாரம் சேர்த்து ஓடவிட வேண்டும். அடிக்கடி மாற்ற வேண்டியவை வெள்ளைப் பஞ்சும், சில வாரங்களில் சக்தி தீர்ந்துவிடும் கார்பனும்தான். கார்பன் அம்மோனியாவை அகற்றுவதில்லை. நிறம், வாடை, மருந்து மிச்சம் ஆகியவற்றையே உறிஞ்சுகிறது. மீனுக்கு மருந்து போடும் நாட்களில் அதை வெளியே எடுத்துவிட வேண்டும்.

“அப்படியானால் ஃபில்டரைத் தொடவே கூடாது”

இது மறுகோடி. அடைத்துக்கொண்ட ஸ்பாஞ்சில் நீரோட்டம் குறையும், நுண்ணுயிரிகளுக்கு ஆக்ஸிஜன் போய்ச்சேராது. கால அட்டவணையை விட நீரோட்டத்தைப் பார்ப்பதே மேல்: வேகம் குறைந்தால் கழுவும் நேரம் வந்துவிட்டது. கழுவியும் வேகம் வரவில்லையென்றால் மோட்டாருக்குள் சுழலும் இம்பெல்லரைக் கழற்றிப் பார்க்கலாம். அதன் காந்தத்தைச் சுற்றி வழவழப்பும் செடி நாரும் சுருண்டிருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். சில மாடல்களின் நடு அச்சு செராமிக்கால் ஆனது, அழுத்தினால் முறியும். ஸ்பாஞ்ச், வளையம், தண்ணீர் மாற்றுவது என எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யாமல் ஒன்றிரண்டு வாரம் தள்ளித் தள்ளிச் செய்வதே மீனுக்குப் பாதுகாப்பு.

“ராத்திரி நிறுத்தினால் கரண்ட் மிச்சம்”

5 வாட் மோட்டாரைத் தினம் 10 மணி நேரம் நிறுத்திவைத்தால் மாதத்துக்கு மிச்சமாவது ஒன்றரை யூனிட். அந்த நேரத்தில் மூடிய கேனிஸ்டர் வகை ஃபில்டருக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து, உயிர்கள் சாகத் தொடங்குகின்றன. நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு கேனிஸ்டரில் அழுகல் வாடை வந்தால், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டே மீண்டும் ஓடவிட வேண்டும்.

“சக்கர் மீன் விட்டால் எல்லாம் சுத்தம்”

சக்கர் மீன் கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும், மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. தானும் ஏராளமாகக் கழிக்கும், ஓரடிக்கு மேலும் வளரும். பெரிதாகிவிட்டதே என்று ஏரியில் விட்டுவிடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இம்மீன் நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிக் கெடுதல் செய்துகொண்டிருக்கிறது.

ஏற்கெனவே ஃபில்டரைத் தேய்த்துக் கழுவியவர்கள் இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். குளோரின் நீக்கிய தண்ணீரால் தினமும் கால் பங்கு மாற்றுங்கள். பழைய, நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் தெரிந்தவரிடம் அழுக்கேறிய ஒரு ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி, காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். அம்மோனியா சோதனை கிட்டில் அளவு பூஜ்யம் காட்டும்வரை புது மீன் வாங்காதீர்கள்.